நடிகவேளின் குரலும் கரிகிரியின் கைகளும்: எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' குறித்து வடாற்காட்டிலிருந்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

'குணச்சித்திர நடிகர்' என்ற சொல்லைத் தமிழ்த் திரை எழுத்து இன்றுவரை தெளிவாக வரையறுத்ததில்லை. கதாநாயகன், வில்லன், நகைச்சுவை நடிகர் என்று பிரித்த பிறகு எஞ்சுகிறவர்களை வைக்கும் இடமாகவே அது பயன்பட்டு வருகிறது. எம்.ஆர். ராதாவை (1907–1979) இந்தக் கட்டங்களில் எதிலும் நிறுத்த முடிவதில்லை. அவர் கதாநாயகனாக நடித்த படத்தில் வில்லத்தனம் செய்தார். வில்லனாக வந்த படங்களில் சிரிக்க வைத்தார். சிரிக்க வைத்த இடங்களில் சீர்திருத்தம் பேசினார். அவருடைய கலைவாழ்வின் உச்சமாகிய 'ரத்தக்கண்ணீர்' பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் நின்றுவிடுகிறார்கள்: நடிப்பு ஈடிணையற்றது; கருத்து முற்போக்கானது. முதல் முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. இரண்டாவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும், அதற்கு ஏற்ற இடம் வேலூர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

காரணம் எளியது. 'ரத்தக்கண்ணீர்' ஒரு தொழுநோயாளியின் கதை. அது மேடையிலும் திரையிலும் வெற்றி பெற்ற அதே ஆண்டுகளில், தொழுநோயாளியின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவம் வேலூரில் உருவாகிக்கொண்டிருந்தது. இந்த இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, கதை ஒன்று சொல்வதும் நடிகரின் குரல் வேறொன்று சொல்வதும் புலப்படும்.

மேடையில் உருவான நடிகர்

சென்னையில் பிறந்த ராதா சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பாய்ஸ் கம்பெனிகளின் கடும் பயிற்சியில் வளர்ந்தவர். 1937-இல் 'ராஜசேகரன்' படத்தில் திரைக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் 'சந்தனத்தேவன்', 'பம்பாய் மெயில்' போன்ற படங்களில் நடித்துவிட்டு மீண்டும் மேடைக்கே திரும்பினார். மேடையில் பெயர் பெற முடியாதவர்களுக்குத் திரை புகலிடம் என்று பேசப்பட்ட காலத்தில், திரையை விட்டு மேடைக்குப் போன நடிகர் அவர்.

திராவிட இயக்கம் அவருக்குப் பேசுபொருளைத் தந்தது. பெரியாரின் கொள்கை திசையைத் தந்தது. பட்டுக்கோட்டை அழகிரி 'நடிகவேள்' பட்டம் அளித்தார். மு. கருணாநிதியின் 'தூக்குமேடை' நாடகத்தை நடத்தியபோது அதன் ஆசிரியருக்குக் 'கலைஞர்' என்ற அடைமொழியைத் தந்தவர் ராதா. அவருடைய 'கீமாயணம்' நாடகம் எழுப்பிய கொந்தளிப்பின் சூழலில்தான் 1954-இல் சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ஒரு நடிகரின் வாய்ச்சொல்லுக்கு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அச்சட்டம் சான்று. ராதாவின் ஆயுதம் குரல் என்பதை அவருடைய ரசிகர்களோடு ஆட்சியாளர்களும் அறிந்திருந்தார்கள்.

அந்தக் குரலின் இலக்கணம் கவனத்துக்குரியது. அடித்தொண்டையிலிருந்து கரகரப்பாகத் தொடங்கும் வாக்கியம் நடுவில் திடீரென்று கீச்சென உயரும். முடியும்போது மறுபடியும் கீழே விழும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேர் பேசுவது போலிருக்கும். ஒருவர் பாத்திரம்; மற்றவர் அந்தப் பாத்திரத்தைப் பார்த்து விமரிசிப்பவர். வடாற்காட்டுப் பார்வையாளருக்கு இது அந்நியமாகப் பட்டிருக்காது. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்துப் பழகிய மண் இது. ராஜா வேடம் கொலுவில் நிற்க, கட்டியங்காரன் பக்கத்தில் நின்று ராஜாவையே கேலி செய்வான். ஊர் நடப்பையும் பேசுவான். ராஜாவும் கட்டியங்காரனும் ஒரே உடம்பில் குடியேறினால் எப்படியிருக்கும் என்பதற்கு ராதாவின் நடிப்பைக் காட்டலாம். அவர் கூத்திலிருந்து வந்தவர் என்று நான் சொல்லவில்லை. அவரைப் புரிந்துகொள்ளும் செவியைக் கூத்து இங்கே முன்பே தயார் செய்து வைத்திருந்தது என்பதே என் கருத்து.

வேலூர்த் தயாரிப்பாளர்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' 1949-இல் மேடையேறி, ஊர் ஊராக நடந்து, 1954 தீபாவளிக்குத் திரைப்படமாக வெளிவந்தது. தயாரித்தவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார், வேலூர்க்காரர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே 'பராசக்தி'யைத் தயாரித்து, எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் சிவாஜி கணேசனைக் கதாநாயகனாக்கினார். சிவாஜி ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்கு வந்து அவரிடம் ஆசி பெற்றதை இந்த ஊர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரு படங்களையும் இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. இரண்டுமே மேடையில் பிறந்த கதைகள். இரண்டிலும் நடிகரின் வாய்மொழியே படத்தின் முதுகெலும்பு. தமிழ்த் திரையை வசனத்தின் பக்கம் திருப்பிய இரு படங்களுக்கும் பின்னால் வேலூர்க்காரர் ஒருவரின் துணிவு இருந்தது என்பது திரை வரலாற்றில் உரிய அழுத்தம் பெறாத செய்தி.

கதை சொல்வது

வெளிநாட்டிலிருந்து திரும்பும் செல்வந்தன் மோகன் (ராதா), மனைவி சந்திரா (ஸ்ரீரஞ்சனி), நண்பன் பாலு (எஸ்.எஸ். ராஜேந்திரன்). மோகன் தாயை அவமதிக்கிறான், மனைவியை ஒதுக்கிவிட்டுக் காந்தா (எம்.என். ராஜம்) என்னும் பெண்ணிடம் சொத்தை இழக்கிறான். தொழுநோய் வருகிறது, காந்தா விரட்டுகிறாள், தெருவில் பிச்சையெடுக்கிறான். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணம் செய்விக்கிறான். தன்னைப் போல் யாரும் கெடாதிருக்கத் தனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்கிறான்.

கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுவாழ்வு என்ற முடிவை 1954-இல் திரையில் வைத்தது பெரும் துணிச்சல். ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேரக் கதை தேர்ந்தெடுத்த வழி சிக்கலானது. ஒழுக்கம் கெட்டான், ஆகவே நோய் வந்தது என்பதே கதையின் காரண–காரியம். முற்பிறவி வினையை மறுத்த இயக்கத்தின் நாடகத்தில், இப்பிறவியின் வினைப்பயனாக நோய் உள்ளே நுழைந்துவிட்டது. தலைவிதியை வாசல் வழியே துரத்திய பகுத்தறிவு, அதைக் கொல்லைப்புறக் கதவு வழியே வரவிட்டது. சி.எஸ். ஜெயராமனின் குரலில் வரும் புகழ்பெற்ற பாடல் குற்றத்தையும் நோயையும் ஒரே மூச்சில் சேர்த்து உருக வைப்பதால், இந்தப் பிழை கேட்பவரின் மனத்தில் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது.

மருத்துவ உண்மை வேறு. தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி என்பதை நார்வேயின் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். பெரும்பாலான மனிதருக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. நோய் யாரைப் பிடிக்கிறது என்பதற்கும் அவருடைய ஒழுக்கத்துக்கும் தொடர்பில்லை.

அதே ஆண்டுகளில் வேலூரில்

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டு நோயாளிகளிடம் அழைத்துச் சென்றார். மடங்கிப் போன ஒரு கையைக் குலுக்கியபோது அதன் பிடியில் இருந்த வலிமை பிராண்டை வியக்க வைத்தது. விரல்களை நிமிர்த்தும் நரம்பு செயலிழந்திருந்தாலும் மற்றத் தசைகள் நலமாக இருக்கின்றன என்றால், நல்ல தசையின் தசைநாணை எடுத்து விரலுக்குப் பொருத்தினால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்தே தசைநாண் மாற்று அறுவை தொடங்கியது. மறுவாழ்வுக்கென 1951-இல் நவஜீவ நிலையமும், 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன. 1954 ஜனவரியில் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்.

வேலூரில் தெளிவான இன்னொரு உண்மை, சதை தானாக அழுகி விழுவதில்லை என்பது. நோய் உணர்வைக் கொல்கிறது. உணர்வற்ற கை சூட்டையும் காயத்தையும் அறியாமல் சிதைகிறது. சிகிச்சை பெற்ற சிலரின் விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தன. கண்விழித்துப் பார்த்ததில், தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. அதன் பிறகு வீடு திரும்புகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். ஆயிரமாண்டு அச்சத்துக்குக் கிடைத்த விடை ஒரு பூனையளவு எளியதாக இருந்தது.

பாதத்துக்கும் விடை தேடினார்கள். உணர்வற்ற கால் சாதாரணச் செருப்பில் ஓர் ஆணி துருத்தினாலும் அறியாது. நடக்க நடக்கப் புண் ஆழமாகும். ஆகவே ஆணி அடிக்காத செருப்பு. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான நுண்துளை ரப்பர் அடிப்பகுதி. காலுக்கு ஏற்ற வார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் வாழ்க்கையாகிப் போன மக்களுக்கு, செருப்பின் அடியில் இருக்கும் ஓர் ஆணியின் அருமையும் ஆபத்தும் விளக்காமலே புரியும். உலகச் சந்தைக்குக் காலணி செய்யும் இந்தப் பகுதியில், உலகத்தால் ஒதுக்கப்பட்டவனின் காலுக்கும் காலணி சிந்திக்கப்பட்டது.

நடிப்பு சொல்வது

இப்போது படத்துக்குத் திரும்புவோம். நோயுற்ற மோகனாக ராதா தடியூன்றித் தடுமாறி வருகிறார். முகம் சிதைந்திருக்கிறது; இருமல் வாக்கியத்தை வெட்டுகிறது. இரக்கத்தைப் பிழிந்தெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு நடிகருக்குக் கிடைக்காது. ராதா அந்த வாய்ப்பைத் தொடவில்லை. பணக்காரனாக இருந்தபோது எந்த இறுமாப்போடு பேசினாரோ, அதே இறுமாப்பு பிச்சைக்காரனின் பேச்சிலும் இருக்கிறது. ஊரைக் கேலி செய்யும் வாய் ஓயவில்லை. கேள்வி கேட்கும் அறிவு மழுங்கவில்லை. இருமலுக்கும் இருமலுக்கும் இடையே கட்டியங்காரன் தொடர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறான்.

இதையே இப்படத்தின் மையமான கலைச் செயலாகக் கருதுகிறேன். கதை மோகனின் உடலைத் தண்டனைச் சின்னமாக்குகிறது. ராதாவின் குரல் அந்த உடலுக்குள் சிதையாத ஒரு மனிதனைக் காப்பாற்றி வைக்கிறது. கதைப்படி அவன் எச்சரிக்கைப் பலகை. நடிப்பின்படி அவன் முழு ஆள். தொழுநோயாளி என்றால் கும்பிட்டு இரப்பவன் என்ற பிம்பத்தைத் தமிழ் மேடையில் உடைத்தவர் ராதா.

உலகத் திரையோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை கூடும். மௌனப்பட யுகத்தில் நடிகர் லான் சேனி சிதைந்த உருவங்களை ஒப்பனையால் படைத்தார். அங்கே உடலே பேசியது. ஹாலிவுட்டின் 'பென்ஹர்' (1959) படத்தில் தொழுநோய் இறையற்புதத்தால் நீங்குகிறது. ராதாவின் மோகனுக்கு எந்தக் கடவுளும் வருவதில்லை. அந்த வகையில் படம் தன் கொள்கைக்கு உண்மையாக இருக்கிறது. ஆனால் மருந்தும் அவன் முடிவை மாற்றுவதில்லை. தொழுநோய்க்கான சல்ஃபோன் மருந்துகள் தமிழ் மண்ணில் பயன்பாட்டுக்கு வந்துவிட்ட காலம் அது. அற்புதத்தை மறுத்த கதை, அறிவியலையும் துணைக்கு அழைக்காமல் விட்டது.

பிந்தைய வாழ்வு

'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) வழியாகத் திரைக்கு மீண்ட ராதா, அடுத்த பத்தாண்டுகளில் தமிழின் மிக வேண்டப்பட்ட குணச்சித்திர நடிகரானார். 'பாகப்பிரிவினை' (1959) சிங்காரமும், 'பாவமன்னிப்பு' (1961) ஆளவந்தாரும், 'பலே பாண்டியா' (1962) இரட்டை வேடமும் வெவ்வேறு ஆட்கள். எல்லாரிடமும் மோகனின் குரல் இருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் சிறை சென்று மீண்டார். கடைசிவரை மேடையை விடவில்லை. 1979-இல் திருச்சியில் காலமானார். அந்தத் துப்பாக்கிச் சம்பவத்துக்குக் கிடைத்த கவனத்தில் பாதி கூட அவருடைய நடிப்பு முறைக்குக் கிடைக்கவில்லை. இது தமிழ் ஆய்வுலகம் தீர்க்க வேண்டிய கடன்.

முடிவுரை

ராதா விட்டுச்சென்ற மோகனிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது தவறான பாதி. மாறுவேடப் போட்டிகளிலும் பலகுரல் மேடைகளிலும் வளைந்த விரலும் இருமலும் நகலெடுக்கப்பட்டுக் கைதட்டல் பெறுகின்றன. அடங்காத அறிவை யாரும் நகலெடுப்பதில்லை. 'ரத்தக்கண்ணீர்' கல்லூரிகளில் கற்பிக்கப்பட வேண்டிய படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. வடாற்காட்டுக் கல்லூரிகளாவது அதைக் கரிகிரியின் வரலாற்றோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். நடிகரைப் போற்றுவதும் கதையின் பிழையைச் சுட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகுத்தறிவு கேட்ட நடிகருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.

கதை செய்த பிழை கதையோடு நிற்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படம் வெளிவந்த மறு ஆண்டு, 1955-இல் இயற்றப்பட்ட இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணங்களில் ஒன்றாக வைத்தது. 1982 முதல் கூட்டு மருந்து சிகிச்சை நோயை முற்றிலும் குணமாக்கத் தொடங்கிய பிறகும் அந்த விதி நீடித்தது. அது நீக்கப்பட்டது 2019-இல்.