விசாரணை அறையிலிருந்து மேடைக்கு: ‘நீதியின் நிறம்’ நாடகமும் தொகுப்பவரின் பொறுப்பும்

ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவர், 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்து நிறுத்தம் ஒன்றின் அருகே வெள்ளையின இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்கள் ஓரிரு நாளிலேயே காவல்துறைக்குத் தெரிந்தும் வழக்கு கரைந்துபோனது. அதன் காரணத்தை அறிய, சர் வில்லியம் மெக்பெர்சன் தலைமையில் 1997இல் பொது விசாரணை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு நடந்த அமர்வுகளின் எழுத்துப் பதிவிலிருந்து கார்டியன் இதழாளர் ரிச்சர்ட் நார்ட்டன்-டெய்லர் தொகுத்த நாடகமே ‘நீதியின் நிறம்’. 1999 ஜனவரியில், நிக்கோலஸ் கென்ட்டின் இயக்கத்தில், லண்டன் டிரைசைக்கிள் அரங்கில் அது மேடையேறியது.

இந்நாடகத்தில் கொலைக் காட்சி கிடையாது. கோப்புகளும் வழக்கறிஞர்களும் சாட்சிகளும் மட்டுமே உண்டு.

இத்தகைய ஆவண நாடகங்களை ‘உள்ளதை உள்ளபடி’ காட்டுபவை என்று போற்றுவது வழக்கம். அந்தப் போற்றுதலே அவற்றின் கலையை மறைத்துவிடுகிறது. விசாரணையில் பேசப்படாத வசனத்தைச் சேர்ப்பதில்லை என்பது இவ்வகை நாடகத்தின் விதி. ஆயினும் மாதக்கணக்கில் நீண்ட அமர்வுகள் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கும்போது, எடுத்துக்கொண்டதைவிட விட்டதே பன்மடங்கு. எதை விடுவது, எந்தச் சாட்சியத்தை எதன் பின்னால் நிறுத்துவது என்ற முடிவுகளில் தொகுப்பவரின் தீர்ப்பு வெளிப்படுகிறது. ஆகவே அவரை நடுநிலையான எழுத்தராகக் கருதுவது பிழை.

விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி இங்கே கருதத்தக்கது. சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களைத் தாய் டோரீன் லாரன்ஸ் ஒரு தாளில் எழுதி உயரதிகாரி ஒருவரிடம் கொடுத்தார்; அவர் கண்முன்னாலேயே அதிகாரி அத்தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கினார். கொலை வழக்கின் புலனாய்வை வழிநடத்திய மற்றோர் அதிகாரியோ, நியாயமான சந்தேகம் இருந்தாலே கைதுசெய்ய முடியும் என்ற அடிப்படைச் சட்டத்தைத் தாம் சரியாக அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அறிக்கையில் இவை சில பத்திகளாகச் சுருங்கிவிடும். அரங்கிலோ கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட தயக்கத்தையும், பதில் சொல்பவர் சொற்களைத் தேடுவதையும் பார்வையாளர் உடனிருந்து அனுபவிக்கிறார். ஓர் அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் முடிவுரையாக அல்லாமல் நடத்தையாகவே கண்ணுக்குத் தெரிகிறது. இவ்வகை நாடகத்தின் தனிப்பெரும் வலிமை இதுவே.

காலப்பொருத்தமும் முக்கியம். மெக்பெர்சன் அறிக்கை வெளியானது 1999 பிப்ரவரி 24இல்; நாடகம் அதற்கு முந்தியது. லண்டன் பெருநகரக் காவல்துறையின் நிறுவனமயமான இனவெறியை அறிக்கை அறிவிக்கும் முன்பே, பார்வையாளர் சாட்சியங்களைத் தாமே எடைபோட்டுப் பார்த்திருந்தனர். 1972இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் இராணுவம் நடத்திய துப்பாக்கிச் சூடு பற்றி நீதிபதி சாவில் தலைமையில் நடந்த விசாரணையையும் இதே அரங்கு 2005இல் நாடகமாக்கியது. அதன் அறிக்கை 2010இல்தான் வந்தது.

ஜெர்மன் மொழி நாடகாசிரியர் பீட்டர் வைஸ் வேறு வழி சென்றார். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் குறித்துப் பிராங்க்பர்ட்டில் நடந்த வழக்கைக் கொண்டு 1965இல் அவர் படைத்த ‘விசாரணை’, தாந்தேயின் காவியத்தை நினைவூட்டும் பதினொரு காண்டங்களாக அமைந்தது. அதில் சாட்சிகளுக்குப் பெயரில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு உண்டு. தொகுப்பவரின் கை அங்கே வெளிப்படையாகத் தெரிவதால், வாசகர் அதனோடு வாதிடவும் முடிகிறது. டிரைசைக்கிள் நாடகங்களின் இயல்புநடை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது என்பது நியாயமான குறையே.

இன்னும் கடுமையான குறை ஒன்றுண்டு. விசாரணை அறை யாரை அதிகம் பேசவிடுகிறதோ அவர்களே மேடையிலும் அதிகம் பேசுவர். 72 உயிர்களைக் குடித்த 2017ஆம் ஆண்டு லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்து பற்றிய விசாரணையைக் கொண்டு நார்ட்டன்-டெய்லரும் கென்ட்டும் 2021இல் அரங்கேற்றிய நாடகத்தில் நிறுவனத்தாரும் வல்லுநர்களுமே முன்நின்றனர். குடியிருந்தோரின் குரல் எங்கே என்ற கேள்வி எழுந்தது. மாறாக, எழுத்தாளர் ஜில்லியன் ஸ்லோவோ அதே விபத்தில் உயிர்தப்பியவர்களை நேரில் சந்தித்துப் பெற்ற வாக்குமூலங்களிலிருந்து உருவாக்கிய நாடகத்தை நேஷனல் தியேட்டர் 2023இல் மேடையேற்றியது. முதல் நாடகம் பொறுப்பைத் தட்டிக்கழித்தவர்களின் மொழியைப் பதிவுசெய்தது. இரண்டாவது அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் மொழியை. விசாரணைப் பதிவை மட்டும் நம்பும் நாடகாசிரியருக்கு இரண்டாவது மொழி போதிய அளவு கிடைப்பதில்லை. அதைத் தேடி அவர் அந்த அறைக்கு வெளியே சென்றாக வேண்டும்.