நான் வகுப்பில் தவறாகச் சொன்ன ஒரு பாடம்



ஒரகடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். மழையில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அவருடைய கார் வழுக்கிச் சாலை நடுவே உள்ள தடுப்பில் உரசிவிட்டதாம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"டயர் புதுசுதான் சார். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவதாக மெக்கானிக் முன்பே சொன்னார். கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். அது குலுக்கலைத் தாங்கும் கருவி என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆம், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பாடத்தை இன்று திருத்துகிறேன்.

பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இராது. ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாய்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. அடக்க ஆளில்லாவிட்டால் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு ஏது? ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதை நம்பியே இருக்கின்றன.

இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர்களில் பந்தயக்காரர்களும் உண்டு. பிரான்சின் ட்ரூஃபோ உருவாக்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு பரப்பிய கருவி உராய்வினால் இயங்கியது. தகடுகள் ஒன்றோடொன்று உராயும். நடுத் திருகை இறுக்கினால் உராய்வு கூடும். எண்ணெய்க் கருவிகள் பிறகு பரவின.

நம் பக்கத்துக்கு வருவோம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை அமைத்தது. 1990 முதல் அங்கே பந்தயங்கள் நடந்தன. ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வந்தது 1998-இல்தான். அதாவது, நம் ஊருக்குக் கார் ஆலைக்கு முன்பே கார்ப் பந்தயப் பாதை வந்துவிட்டது! கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் இங்கே ஓடின. அதில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

பந்தயக் கார்களில் ஷாக் அப்சார்பரை வேண்டியபடி இறுக்கலாம், தளர்த்தலாம். இறுக்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மிகவும் இறுகினால் சிறு மேட்டிலும் சக்கரம் தாவும். மிகவும் தளர்ந்தால் வளைவில் கார் சாய்ந்து தள்ளாடும். மழையென்றால் பெரும்பாலும் சற்றுத் தளர்த்துவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார்கள். அறிவியல் வகுப்பில் நாம் செய்த சோதனைகளும் இப்படித்தானே!

நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலும் அப்படித் திருக முடியாது; தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி. மேலும் ஆடினால், எண்ணெய் கசிந்தால், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உங்களில் பலர் இரவுப் பணி முடித்து அதே சாலையில்தான் வீடு திரும்புகிறீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆசிரியர் தவறாகச் சொன்ன பாடத்துக்கு மாணவர் விலை கொடுக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்