கண்ணகை என்னும் பெயர்

கல்முனைக்குத் தெற்கே காரைதீவிலும், திருக்கோவிலை அடுத்த தம்பிலுவிலிலும் வைகாசிச் சடங்கில் வழக்குரை படிக்கப்பெறும். குளிர்த்தியுடன் சடங்கு நிறைவுறும். அங்கு ஊரார் வாயில் ஒலிக்கும் பெயர் கண்ணகை என்பதாம். வீ. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த நூலோ ‘கண்ணகி வழக்குரை’ என்றே பெயர் பெற்றது. கண்ணகை என்பதைப் பேச்சுவழக்கின் சிதைவென ஒதுக்குதல் பொருந்துமா?

கண், நீர் என்பன புணர்ந்து கண்ணீர் ஆதல்போலக் கண், நகை என்பன கண்ணகை ஆகும். நகைக்கும் கண்ணினாள் என்பது பொருள். நங்கை, தத்தை முதலிய பெண்பாற் பெயர்களும் ஐகார ஈற்றனவே. இலக்கணம் தடையின்றி ஏற்கும் வடிவத்தைச் சிதைவென்றல் முறையன்று.

இப்பெயர் சிலப்பதிகாரத் தலைவிக்கு மட்டும் உரியதுமன்று. புறநானூற்றின் 143 முதல் 147 வரையான பாடல்கள், பேகன் துறந்த மனைவியின் பொருட்டுக் கபிலர், பரணர் முதலியோர் பாடியவை. அவள் பெயரும் கண்ணகி என்றே அப்பாடல்களின் அடிக்குறிப்புகள் கூறும். அவளும் கணவனாற் பிரியப்பட்டவளே என்பது வியப்புக்குரியது.

மானிட மகளிர் பெயர் தெய்வப் பெயராயிற்று. தெய்வத்தின் பெயர் மீண்டும் மகளிரை அடைந்தது. மட்டக்களப்புத் தமிழர் பெண்மக்களுக்குப் பத்தினிப்பிள்ளை எனப் பெயரிட்டமை இதற்குச் சான்று. தமிழகத்தில் ஆடவர் பட்டமாக அறியப்படும் ‘பிள்ளை’ ஈண்டுப் பெண்பெயரின் ஈறாயிற்று. சிங்கள மக்கள் பத்தினி என வழிபடுவதும் இத்தெய்வத்தையே.