இசைத்தட்டுக் கடைகள் பிழைத்த வரலாறு

கைத்தொலைபேசியில் விரல் பட்டதும் பாட்டு ஒலிக்கும் இந்நாளில், காசு கொடுத்துக் கறுப்புத் தட்டு வாங்குவாரும் உளரோ என ஐயுறும் அன்பர்கள் அமெரிக்க நாட்டுக் கணக்கை நோக்குவார்களாக. 2022ஆம் ஆண்டில் அங்கு விற்ற வினைல் தட்டுகள் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம். குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 லட்சமே. 1987க்குப் பின் வினைல் எண்ணிக்கையில் முந்தியது அதுவே முதன்முறை.

ஆதியில் இசைத்தட்டு வினைலால் ஆனதன்று. எமில் பெர்லினர் என்பார் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோனுக்குப் பின்னாளில் அரக்குக் கலவைத் தட்டுகளே வழக்கமாயின. அவ்வரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளின் பூச்சிகள் தந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் பாடிப் பதித்த பாட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறி, அங்கே தட்டுகளாகி, மீண்டும் இந்தியாவுக்கே விற்பனைக்கு வந்தன! 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை எழுந்த பிறகே அந்த வீண் பயணம் ஒழிந்தது. அரக்குத் தட்டு கைதவறினால் நொறுங்கும். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே பாடும். 1948இல் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட வினைல் நெடுந்தட்டோ, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் பாடியது.

பின்னர் 1982இல் குறுந்தட்டு வந்தது. 1999இல் நாப்ஸ்டர் பாட்டை இலவசமாகவே வீடுகளில் கொண்டு சேர்த்தது. 2006இல் டவர் ரெக்கார்ட்ஸ் என்னும் பெருங்கடைகள் அமெரிக்காவில் மூடுண்டன. பெருங்கடையே வீழ்ந்தபின் சிறுகடை எம்மாத்திரம் என்றே பலரும் எண்ணினர்.

சிறுகடைக்காரர்கள் அவ்வாறு கருதவில்லை. 2007இல் பால்டிமோர் நகரில் கூடியபோது, ஆண்டுக்கொரு நாளை இசைத்தட்டுக் கடைகளுக்கென ஒதுக்கும் எண்ணம் பிறந்தது. 2008 ஏப்ரல் 19 அன்று முதல் விழா நடந்தது. கலிபோர்னியாக் கடையொன்றுக்கு மெட்டாலிக்கா குழுவினர் தாமே வந்திருந்தனர். அந்நாளுக்கென்றே சிறு அளவில் அச்சிட்ட தட்டுகள் கடைக்கு நேரில் வருவோர்க்கே கிட்டும் என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கம். விடியுமுன்பே வரிசை நீண்டது. வாங்கிய சூட்டோடு இணையத்தில் கூடுதல் விலைக்கு விற்போரும் அவ்வரிசையில் நின்றனர். அது வேறு கதை.

வினைலின் ஒலி இனியது, ஆதலால் அது மீண்டது என்பர் சிலர். யான் அதை முழுதும் ஒப்பேன். தூசு பட்டதும் கரகரக்கும் தட்டைவிட எண்முறைப் பதிவே துல்லியமானது. ஆனால் கணினி, நாம் முன்பு கேட்டதைப் போன்றதையே பெரும்பாலும் எடுத்து நீட்டும். தேர்ந்த கடைக்காரரோ, நாம் கேளாத ஒன்றைச் சுழலவிட்டு, "இதையும் கேட்டுப் பாருங்கள்" என்பார். வாடிக்கையாளர் திரும்பி வருவது அதற்காகவே என்பது என் கருத்து.

எனினும் இத்தொழிலின் அடித்தளம் மிக மெல்லியது. ஒலியை முதலில் வெட்டிப் பதிப்பது மெருகு பூசிய அலுமினியத் தகட்டில். அத்தகட்டைச் செய்த ஆலைகள் உலகில் இரண்டே. கலிபோர்னியாவின் பானிங் ஊரில் இருந்த ஆலை 2020 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. எஞ்சியது ஜப்பானில் ஒன்று. அடுத்து வந்த கொரோனா நோய் கடைகளையே அடைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் விழாவைத் தள்ளிவைத்து, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் என மூன்று நாள்களாகப் பகுத்து நடத்தினர். அதற்குள், அவ்வாண்டின் முதற்பாதியிலேயே, அமெரிக்காவில் வினைல் ஈட்டிய வருவாய் குறுந்தட்டின் வருவாயை மிஞ்சியிருந்தது.