நெசவாளி மகன் எழுதிய கணக்கு

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நிதி மந்திரிகளாக வீற்றிருந்தோரின் பெயர்ப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்போமாயின், அவர்களிற் பெரும்பாலோர் பிரபுக்களின் புதல்வர்களாகவோ செல்வச் சீமான்களின் வழித்தோன்றல்களாகவோ இருக்கக் காண்போம். 1924ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அப்பட்டியலில் ஒரு நெசவாளியின் மகன் பெயர் ஏறிற்று. சர்வகலாசாலை வாயிலை மாணவராய் மிதித்தவரல்லர் அவர். இரண்டு கைத்தடிகளின் துணையின்றி நடக்கவும் இயலாதவர். பிலிப் ஸ்நோடன் என்பது அவர் பெயர். தொழிற் கட்சியின் முதல் நிதி மந்திரி அவரே. ஏழாண்டு கழித்து, வேலையில்லாதாருக்கு அரசாங்கம் அளித்த உதவிப் பணத்திற் பத்தில் ஒரு பங்கை வெட்டியவரும் அவரே.

பணக்காரர் புகழ்ச்சியில் மயங்கித் தம் வகுப்பாரைக் காட்டிக் கொடுத்த துரோகி என்று அவரை ஒரு சாரார் இகழ்ந்தனர். கட்சியினும் நாடே பெரிதென்று துணிந்த உத்தமர் என்று மற்றொரு சாரார் புகழ்ந்தனர். இரண்டும் எமக்கு உடன்பாடில்லை. அவர் மனம் மாறியதனால் அன்று, மாறாதிருந்ததனாலேயே அச்செயல் நேர்ந்தது என்பது எம் துணிபு. அதனை அவர் வாழ்க்கையைக் கொண்டே காட்ட முயல்வோம்.

யார்க்ஷயர் மாகாணத்தின் மேற்குப் பகுதியில், புதரும் காற்றுமன்றி வேறொன்றும் மிகுதியாயில்லாத மேட்டு நிலங்களுக்கு நடுவே கௌலிங் என்றோர் ஊர் உண்டு. அதனை அடுத்த இக்கர்ன்ஷா என்னும் சிற்றூரில் 1864ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ஸ்நோடன் பிறந்தார். குடும்பத்தார் மெதடிஸ்டு கிறிஸ்தவர்கள். மது அருந்தாமை, கடன்படாமை, வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யாமை என்னும் இவை அவ்வீட்டில் வேதத்துக்கு அடுத்தபடி வைத்துப் போற்றப்பட்டன. தந்தை வேலை பார்த்த ஆலை 1879இல் முறிந்துபோகவே, குடும்பம் லங்காஷயரிலுள்ள நெல்சன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளை ஆலைக்குப் போகவில்லை. எழுத்து வாசனை மிகுந்தவனாதலால் ஓர் இன்ஷூரன்சு அலுவலகத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தான். பின்னர்ப் பரீட்சை எழுதித் தேறி 1886இல் கலால் இலாகாவிற் சேர்ந்தான்.

அவ்வழியே போயிருந்தால் ஓய்வுச் சம்பளம் பெறும் ஒரு கண்ணியமான உத்தியோகஸ்தராக அவர் வாழ்நாள் கழிந்திருக்கும். 1891இல் டெவன் பிரதேசத்திற் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகெலும்பிற் பெருங்காயம் பட்டார். இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போயிற்று. இருபத்தேழு வயது இளைஞர் தாயின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். தடியூன்றி நடக்கக் கற்றுக்கொள்ள இரண்டாண்டுகள் சென்றன. உத்தியோகமும் போயிற்று.

படுக்கையிற் கிடந்தவர்க்குப் புத்தகங்களே துணை. அக்காலத்தில் அவர் லிபரல் கட்சி அநுதாபி. பொதுவுடைமை பேசுவோரால் விளையும் கேடுகளைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யுமாறு உள்ளூர் லிபரல் சங்கத்தார் அவரைக் கேட்டனர். எதிரியின் நூலைப் படியாமல் எதிரியைக் கண்டிப்பது முறையன்று என்று எண்ணி அந்நூல்களைப் படிக்கலானார். படித்து முடித்தபோது, கண்டிக்கப் புகுந்தவர் அக்கொள்கைக்கே ஆட்பட்டு நின்றார்! இவ்வளவு நேர்மையாக நூல் படிப்போர் எக்காலத்தும் சிலரே.

அதன்பின் பத்தாண்டுக் காலம் சுயேச்சைத் தொழிற் கட்சியின் பிரசாரகராக வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களெங்கும் ஊர் ஊராய்ச் சென்றார். மெலிந்த உடல், வெளிறிய முகம், கூரிய மூக்கு, தடியூன்றிய கை. இத்தோற்றத்தோடு அவர் மேடையேறி, புது உலகம் வருமென்று முழங்கி முடிக்கையிற் பிரார்த்தனைக் கூட்டம் போலவே இருக்குமாம். முதலிரு முறை தேர்தலில் தோற்று, 1906இல் பிளாக்பர்ன் தொகுதியிலிருந்து பார்லிமெண்டு புகுந்தார். அதற்கு முந்திய ஆண்டில் அவர் மணந்த எதல் அம்மையார் பெண்களின் வாக்குரிமைக்காக ஓயாது உழைத்தவர். அவ்வுரிமைக்குக் கணவரும் துணை நின்றார். முதல் உலகப் போரின்போது கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்தார். மனச்சான்று காரணமாகப் போரில் சேர மறுத்துச் சிறையிலிடப்பட்டவர்களுக்காகச் சபையில் இடைவிடாது வாதாடினார். அக்குற்றத்துக்காக 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தனர். 1922இல் கோன் பள்ளத்தாக்குத் தொகுதி அவரை மீட்டும் அனுப்பியது. மாற்றிப் பேசினால் ஓட்டுக் கிடைக்கும் என்றறிந்தும் மாற்றிப் பேசாத மனிதர் என்பதை இங்கே குறித்துக்கொள்க.

1924ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் கொணர்ந்த முதல் வரவு செலவுத் திட்டத்தில் ஏழை வீட்டுக் காலைச் சாப்பாட்டின் மீதிருந்த வரிப்பாரம் குறைந்தது. தேயிலை வரி இராத்தலுக்கு 8 பென்ஸிலிருந்து 4 பென்ஸ் ஆயிற்று. சர்க்கரை வரி இரண்டே முக்காற் பென்ஸிலிருந்து ஒன்றே காற் பென்ஸ் ஆயிற்று. காப்பி, கொக்கோ வரிகளும் பாதியாயின. போர்க்காலத்தில் மோட்டார் வண்டி முதலியவற்றின் மேல் விதிக்கப்பட்ட மூன்றிலொரு பங்கு இறக்குமதி வரியையும் எடுத்தெறிந்தார். தொழிற் கட்சியார் ஆர்ப்பரித்தனர். லிபரல் கட்சியாரும் கைதட்டினர்.

லிபரல்கள் கைதட்டியது ஏன் என்று அன்றே சிலர் யோசித்திருக்கலாம். கட்சி மாறினாலும் கணக்கு நூலை ஸ்நோடன் மாற்றவில்லை. பொருளுக்குச் சுங்கத் தடை கூடாது. அரசாங்கம் ஆண்டுதோறும் வரவுக்குள் செலவை அடக்கிக் கடனை அடைத்து வரவேண்டும். பவுன் நோட்டுக்கு இத்தனை குன்றிமணித் தங்கம் என்று நிச்சயித்த தங்கத் திட்டம் குலையக்கூடாது. இம்மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லிபரல்களின் மந்திரங்கள். பொதுவுடைமை எதிர்காலத்தில் வரும் இராஜ்யம். அது வரும்வரை இருக்கின்ற கடையை இருக்கின்ற விதிப்படி நாணயமாக நடத்துவதே கடமை என்று அவர் நம்பினார். இவ்விரண்டு நம்பிக்கைகளும் மோதும் நாள் ஒன்று வரக்கூடும் என்பதை அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அந்நாள் வந்தது. 1929 ஜூனில் தொழிற் கட்சி 287 இடங்களுடன், பெரும்பான்மையில்லாமலே, இரண்டாம் முறை மந்திரி சபை அமைத்தது. ஆகஸ்டில் ஹேக் மாநாட்டிற் போர் நஷ்டஈட்டுப் பங்குக்காக அவர் பிடித்த பிடிவாதம் அவரை நாட்டின் வீரராக்கியது. ஆனால் வேலையின்மையோடு அப்பிடிவாதம் செல்லவில்லை. பதவியேற்றபோது 11 இலட்சத்துக்கு மேலிருந்த வேலையற்றோர் தொகை 1930 முடிவில் 25 இலட்சத்தை எட்டியது. கடன் வாங்கியேனும் சாலையும் வீடும் கட்டி வேலை கொடுக்க வேண்டும் என்றார் கெயின்ஸ் என்னும் பொருளாதார அறிஞர். லாயிட் ஜார்ஜும் அதையே கூறினார். மந்திரி சபைக்குள்ளிருந்தே மோஸ்லி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்து, அது தள்ளப்படவே 1930 மே மாதம் விலகினார். (அவர் பின்னர்ப் பாசிஸ்டுத் தலைவராகிக் கெட்டொழிந்தது வேறு கதை.) எவர் சொல்லும் ஸ்நோடன் செவியில் ஏறவில்லை.

1931 மே மாதம் ஆஸ்திரியாவின் பெரிய பாங்கி முறிந்தது. ஜூலையில் ஜெர்மன் பாங்கிகள் கதவடைத்தன. அச்சம் இலண்டனுக்குப் பரவி, இங்கிலாந்து பாங்கியிலிருந்து தங்கம் ஆறாய் ஓடத் தொடங்கிற்று. அந்நேரத்தில், ஜூலை 31ஆம் நாள், இன்ஷூரன்சுக் கம்பெனி அதிகாரியாயிருந்த ஜார்ஜ் மே என்பவரின் தலைமையில் ஆராய்ந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 12 கோடி பவுன் துண்டு விழும் என்றும், 9 கோடி 60 இலட்சத்துக்கு மேல் செலவு சுருக்க வேண்டுமென்றும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை வேலையில்லாதார் செலவிலேயே பிடிக்க வேண்டுமென்றும் அது கூறிற்று. பழைய கடனைத் தீர்க்க ஒதுக்கும் தொகை முழுவதையும் அவ்வாண்டுச் செலவாகச் சேர்த்தே அக்குழு அத்துண்டைக் காட்டியது. தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் எமக்கு இவ்வித்தை புதிதன்று. பேரேட்டில் உரமும் மண்வெட்டியும் ஆட்கூலியும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும். துண்டு விழுந்தால், கடைக்காரன் விலை குறைக்கமாட்டான், வட்டிக்காரன் பொறுக்கமாட்டான், ஆகவே பேனா தானே நகர்ந்து கூலி என்னும் வரியில் வந்து நிற்கும். அவ்வரிக்கு எதிரே உள்ள இலக்கம் எத்தனை அடுப்பு என்று பேரேடு சொல்லாது.

ஆகஸ்டு மாதத்தின் பின்பாதி முழுதும் மந்திரி சபை கூடிக் கூடிக் கலைந்தது. நியாயமாகச் சொல்லின், பிற்காலத்தில் ஸ்நோடனைத் தூற்றிய மந்திரிகளும் 5 கோடி 60 இலட்சம் பவுன் வெட்டுக்கு இசைந்தவர்களே. அதற்கு மேல், உதவிப் பணத்தில் 10 சதவிகிதம் குறைப்பதில்தான் பிளவு. அதற்குப் பதிலாக இறக்குமதிப் பொருள்மீது வரி போடலாமென்று சபையிற் பெரும்பாலோர் எண்ணினர். ஸ்நோடன் மறுத்தார். இறக்குமதி வரி ஏழையின் உணவை விலையேற்றும் பாவம் என்பது அவர் இளமை முதற் கொண்ட கொள்கை. உணவு விலை ஏறாதபடி காக்க முற்பட்டவர், உணவு வாங்கும் காசைக் குறைக்கத் துணிந்தார்! ஆகஸ்டு 23, ஞாயிறு இரவு, நியூயார்க்குப் பாங்கிக்காரரின் தந்திக்குக் காத்திருந்து வாக்கெடுத்தனர். வெட்டுக்கு இசைந்தோர் 11, மறுத்தோர் 9. மறுநாள் மந்திரி சபை விலகியது. பிரதம மந்திரி மாக்டனால்டு எதிர்க்கட்சியாரோடு கூடித் தேசிய மந்திரி சபை அமைத்தார். அதிலும் நிதி மந்திரி ஸ்நோடனே.

செப்டம்பர் 10ஆம் நாள் அவசர வரவு செலவுத் திட்டம் வந்தது. வருமான வரி பவுனுக்கு 4 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 5 ஷில்லிங் ஆயிற்று. பணக்காரரையும் அவர் விட்டுவிடவில்லை என்பது உண்மை. வேலையற்ற ஆடவனின் வார உதவி 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸாக இறங்கியது. ஆசிரியர், போலீஸார், படைவீரர் சம்பளங்களும் வெட்டப்பட்டன. கடற்படையிற் கடைநிலை மாலுமிகளிற் பலருக்கு நாட்கூலி 4 ஷில்லிங் 3 ஷில்லிங்காயிற்று; அதாவது காற்பங்கு போயிற்று. செப்டம்பர் 15, 16 தேதிகளில், ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறையில் நின்ற கப்பல்களை நகர்த்த மாலுமிகள் மறுத்தனர். பிரிட்டிஷ் கடற்படையே வேலைநிறுத்தம் செய்கிறது என்ற செய்தி எட்டியதும் பவுனை வைத்திருந்தோர் மேலும் கலங்கினர்; தங்கம் முன்னிலும் விரைந்து வெளியேறிற்று. செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்து தங்கத் திட்டத்தைக் கைவிட்டது.

எதைக் காக்கவென்று ஒரு மந்திரி சபை உடைந்ததோ, எதைக் காக்கவென்று வேலையற்றவனின் வாரக் காசில் ஒன்றே முக்கால் ஷில்லிங் பிடிக்கப்பட்டதோ, அது நாலே வாரத்திற் போயொழிந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு விலைச் சகாயம் ஏற்பட்டது. பின்னர் வட்டியும் இறங்கியது. இப்படிச் செய்யலாமென்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லையே என்று பழைய தொழிற் கட்சி மந்திரி ஒருவர் அங்கலாய்த்ததாகச் சொல்வர். 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுனோடு பிணைக்கப்பட்டிருந்த மலாயா வெள்ளியும் அன்றே தங்கத்தினின்று அறுபட்டது. இரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தமிழர் கப்பல் கப்பலாய்த் தாயகம் அனுப்பப்பட்ட காலம் அது. தங்கம் போயிற்று, வெட்டு நின்றது. உதவிப் பணக் குறைப்பு 1934 வரை நீங்கவில்லை.

தவற்றை உணர்ந்தாரா? அக்டோபர் 17ஆம் நாள் வானொலியிற் பேசுகையில், தம் பழைய தோழர்களின் திட்டம் பித்துப்பிடித்த போல்ஷ்விசம் என்றார். அக்கட்சியை ஊரூராய்த் தடியூன்றிக் கட்டியவரின் குரல் அது! தேர்தலில் தொழிற் கட்சி 52 இடங்களாகச் சுருங்கியது. தாம் தேர்தலுக்கு நில்லாமல், வைகவுண்டு ஸ்நோடனாகிப் பிரபுக்கள் சபை புகுந்தார். அவர் வாழ்க்கையில் எம்மால் மன்னிக்க இயலாதது உதவிப் பண வெட்டன்று, அந்தப் பேச்சே. வெட்டு அவர் நம்பிக்கையின் விளைவு. பேச்சில் வன்மம் இருந்தது.

புதிய கூட்டாளிகளும் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் அவர் ஏற்க மறுத்த இறக்குமதி வரி, சரியாக அதே 10 சதவிகிதத்தில், 1932 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முன்பே நீக்கப்பட்டிருந்த தேயிலை வரி அவ்வாண்டு ஏப்ரலில் திரும்ப விதிக்கப்பட்டது. 1931 ஏப்ரலில் நிலச் சொந்தக்காரர்மீது, நிலமதிப்பிற் பவுனுக்கு ஒரு பென்னி என்று அவர் வகுத்த வரி ஒரு நாளும் தண்டப்படாமல் 1934இல் சட்டப் புத்தகத்திலிருந்தே அழிக்கப்பட்டது. ஒட்டாவா மாநாட்டில் சாம்ராஜ்யச் சுங்க உடன்படிக்கைகள் கையெழுத்தானதும், 1932 செப்டம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார். அப்போது அவரை வழியனுப்பப் பழைய கட்சியும் இல்லை, புதிய கட்சியும் இல்லை. 1937 மே 15ஆம் நாள் சர்ரே பிரதேசத்திலுள்ள தம் இல்லத்திற் காலமானார். அவர் சாம்பலை இக்கர்ன்ஷாவுக்குக் கொண்டுபோய், தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்த ஊருக்கு மேலுள்ள மேட்டு நிலத்திற் காற்றில் தூவினர்.