ஐயர், ஆயர், பங்குத்தந்தை: சென்னை மேற்குப் புறநகர்த் திருச்சபைகளில் புதிய குருவானவர் குறித்த எதிர்பார்ப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக வரும் குருவானவரிடம் சபையார் வைக்கும் எதிர்பார்ப்பு ஒருவரால் நிறைவேற்ற இயலாத அளவுக்கு விரிந்திருப்பதைத் திருச்சபை வட்டாரங்கள் பெரும்பாலும் தனிமனிதக் குறைபாடாகவே பேசுகின்றன. சபையாரின் பேராசை என்பர் சிலர். குருவானவரின் அர்ப்பணிப்புக் குறைவு என்பர் வேறு சிலர். இக்கட்டுரை அதை ஒரு பதவியின் வரலாறாக அணுகுகிறது. மிஷனரி, உபதேசியார், பள்ளி ஆசிரியர் ஆகியோர் பகிர்ந்து செய்த பணிகள், மிஷன் பணம் விலகத் தொடங்கிய காலத்தில் சுதேசக் குருவானவர் ஒருவரிடமே குவிந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் பல மிஷன் மரபினர் ஒரே சபையில் கூடியபோது அச்சுமை மேலும் பெருகியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: குருவானவர், உபதேசியார், தென்னிந்தியத் திருச்சபை, செங்கற்பட்டு, புறநகர்ச் சபைகள்

முன்னுரை

ஆவடியில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் ‘எங்கள் ஆயர்’ என்றால் அது அவருடைய சபையின் குருவானவரைக் குறிக்கும். அடுத்த தெருவில் வாழும் கத்தோலிக்கர் அதே சொல்லால் மறைமாவட்டத் தலைவரைக் குறிப்பார். தம் கோயிலில் பணிபுரிபவர் அவருக்குப் பங்குத்தந்தை. திருநெல்வேலியிலிருந்து குடியேறிய முதியவரோ இன்றும் ‘ஐயர்’ என்றே அழைப்பார். குருவானவரின் மனைவி அவருக்கு ‘ஐயரம்மா’. பெயர் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மிஷன் மரபும், அந்த மரபு பழக்கிய ஒரு குருவானவரின் உருவமும் நிற்கின்றன.

மேலைநாட்டுச் சபைகள் பலவற்றில் சபையே விண்ணப்பம் கோரி, நேர்காணல் நடத்தித் தன் போதகரைத் தெரிவு செய்கிறது. அங்கே எதிர்பார்ப்பு ஒரு விளம்பர வாசகமாக எழுத்தில் கிடைக்கிறது. தமிழகத்தின் பெருந்திருச்சபைகளில் குருவானவர் மேலிடத்திலிருந்து அனுப்பப்படுகிறார். ஆகவே எதிர்பார்ப்பு எழுதப்படாமலே இருக்கிறது; மாறுதல் ஆணை வெளிவரும் பருவத்தில் மனுவாகவும் தூதுக்குழுவாகவும் மட்டுமே தலைகாட்டுகிறது. எழுதப்படாத ஒன்றைப் பேசிக் குறைக்கவும் வழியில்லை.

தரங்கம்பாடி: தகுதியும் ஏற்பும்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் முதல் இந்தியக் குருவானவராக ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். அதற்கு முன்பே உபதேசியார்கள் பலர் ஊர் ஊராகச் சென்று கற்பித்தும், நோயுற்றோரைச் சந்தித்தும், வழக்குத் தீர்த்தும் சபைகளைத் தாங்கி வந்தனர். திருவிருந்து வழங்கும் உரிமை மட்டுமே அவர்களிடம் இல்லை.

இத்தொடக்கக் கட்டத்திலேயே சபையின் எதிர்பார்ப்பு தகுதியை வென்ற நிகழ்ச்சியொன்று உண்டு. தஞ்சைப் பகுதியில் உழைத்த ராஜநாயக்கன், மிஷனரிகளே வியந்து எழுதிய உபதேசியார்; முன்னாள் படைவீரர். பறையர் சமூகத்தில் பிறந்த அவர் கையிலிருந்து உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தைப் பெறமாட்டார்கள் என்ற காரணத்தால் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. 1741-இல் தியோகு அப்பட்டத்தைப் பெற்றார். சபையின் எதிர்பார்ப்பு என்பது எப்போதும் ‘அளவுக்கு மீறிய நல்லெண்ணம்’ அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சில வேளைகளில் அது ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் வேலி.

செங்கற்பட்டு: மனு எழுதும் ஐயர்

இன்றைய மேற்குப் புறநகர் முழுவதும் முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்டத்துச் சேரிமக்கள் திரளாகக் கிறிஸ்தவம் தழுவியபோது அவர்கள் மிஷனரியிடம் கேட்டது மறையுரையை மட்டும் அன்று. குடியிருந்த மனையே மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி உயர்வு கேட்டாலோ வேதத்தில் சேர்ந்தாலோ குடிசை பறிபோகும் நிலை. மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் பறையர் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையும் பஞ்சமி நில வரலாற்றில் நன்கறியப்பட்டவை. அச்சூழலில், திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் தரிசு நிலத்துக்கும் மனைக்கும் விடாது வாதாடினர்.

இங்கே மிஷனரி என்பவர் மறையுரையாளர், மனு எழுதுபவர், பள்ளி திறப்பவர், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுபவர், ஆட்சியரின் மேசைவரை செல்லக்கூடியவர். அந்த ஆற்றல் அவருடைய பக்தியிலிருந்து மட்டும் வந்ததன்று. அவர் வெள்ளையர், அவருடைய சம்பளம் கடல் கடந்து வந்தது, ஆட்சியரும் அவரும் ஒரே மொழி பேசினர். சேரிமக்கள் தம் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட ‘ஐயர்’ இவர்தான். ஆதலால் அடுத்து வந்த தமிழ்க் குருவானவரிடமும் தாலுகா அலுவலகம் வரை வருமாறு அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. அதை நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு என்று கடிந்து பேசியோர் பெரும்பாலும் மனைப்பட்டா உள்ளவர்கள்.

சிந்தாதிரிப்பேட்டை: சந்தாவும் தன்னாட்சியும்

பணம் விலகிய கதை இதற்குச் சற்று முன்பே சென்னை நகருக்குள் தொடங்கிவிட்டது. சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், சுதேசத் திருச்சபை தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே பரப்ப வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். சென்னையில் அக்கொள்கைக்கு முகமாக விளங்கியவர் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவானவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் (1830–1892). சென்னைச் சுதேசத் திருச்சபைச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

வென்னின் கொள்கை தன்மானம் சார்ந்தது, அதில் ஐயமில்லை. எனினும் அதன் கணக்கு வேறுவிதமாக அமைந்தது. மிஷன் தன் உதவியைப் படிப்படியாகக் குறைக்க, குருவானவரின் ஊதியம் சபையாரின் மாதச் சந்தாவைச் சார்ந்தது. சந்தா கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை பிறந்தது. மிஷனரிக்குக் கீழே பல உபதேசியார்கள் உழைத்த ஏற்பாட்டின் இடத்தில், குறைந்த ஊதியத்தில் ஒருவர் அமர்ந்தார், கேட்பவர்களோ பெருகினர்.

அந்த ஒருவர் உண்மையில் இருவர். சத்தியநாதனின் துணைவியார் அன்னாள் பெண்களுக்கான பள்ளிகளையும் வீட்டுக்கல்விப் பணியையும் நடத்தினார். தமிழில் ‘நல்ல தாய்’ என்ற நூலையும் எழுதினார். அவருடைய ஆற்றல் போற்றத்தக்கது. ஆயினும் இத்தகைய முன்மாதிரிகள் ‘ஐயரம்மா’ என்ற ஊதியமற்ற பதவியை நிலைநிறுத்தின. மாதர் சங்கம், ஓய்வுநாள் பள்ளி, விருந்தோம்பல் ஆகிய யாவும் நியமன ஆணையில் பெயரில்லாத ஒருவர் தலையில் விழுந்தன. தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தபோது இந்த ஏற்பாடு வெளிப்பட்டது: பெண் ஆயரின் கணவரிடம் மாதர் சங்கப் பொறுப்பை எவரும் கேட்பதில்லை.

1947: மூன்று நியமன முறைகள்

தாம்பரத்தில் 1938 டிசம்பரில் கூடிய அனைத்துலக மிஷனரி மாநாடு இறையியல் பயிற்சியின் நலிவைத் திருச்சபையின் பெருங்குறைகளுள் ஒன்றாகச் சுட்டியது. சென்னையில் பணியாற்றிய சார்லஸ் ரான்சன் இந்தியக் குருவானவரின் அழைப்பையும் பயிற்சியையும் ஆராய்ந்து 1945-இல் நூல் வெளியிட்டார். தீர்வாக முன்வைக்கப்பட்டது பெரும்பாலும் ஒன்றே: குருவானவரின் கல்வித்தரத்தை உயர்த்துவது. பணிகளைப் பிரித்தளிப்பது பற்றி ரோலண்ட் ஆலன் போன்றோர் 1930-லேயே வாதிட்டனர். வேறு தொழில் செய்துகொண்டே குருத்துவப் பணியாற்றுவோரை ஏற்குமாறு அவர் எழுதியது அக்காலத்தில் பெரிதாக எடுபடவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன் மரபில் பேராயரின் உரிமமே குருவானவரை இருத்துகிறது. மெதடிஸ்டு மரபில் மாநாடு நிலையம் ஒதுக்குகிறது. தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையில் அடங்கிய சபையாட்சி மரபிலோ சபையே தன் போதகரை அழைக்கிறது. மூன்றும் ஓர் அமைப்புக்குள் வந்தன. சபையார் பழகியிராத அல்லது மனச்சாட்சிப்படி ஏற்க இயலாத குருத்துவத்தை எந்தச் சபைமீதும் சுமத்துவதில்லை என்னும் உறுதிமொழியும் ஒன்றிப்புத் திட்டத்தில் இடம்பெற்றது. ஆங்கிலிக்கன் பட்டம் பெறாதோரை முன்னிட்டு எழுந்த வாசகம் அது. எனினும், குருவானவர் விஷயத்தில் சபைக்கும் ஒரு சொல் உண்டு என்ற நினைவை அது விட்டுச்சென்றது என்று கருதலாம்.

சென்னையின் முதல் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயரான மைக்கேல் ஹாலிஸ் 1962-இல் வெளியிட்ட நூல், மிஷனரியின் தந்தைமைப் போக்கையே ஆய்வுப்பொருளாகக் கொண்டது. புரவலர் போன பின்னும் புரவலரின் நாற்காலி போகவில்லை என்ற புரிதலுக்கு அந்நூல் வழிவகுக்கிறது.

தொழிற்பேட்டைச் சபைகள்

அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது; 1960-களில் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. லெஸ்லி நியூபிகின் சென்னைப் பேராயராக இருந்த காலம் (1965–1974) இவ்வளர்ச்சியோடு இணைந்தது. வேலைதேடி வந்தோருள் திருநெல்வேலி, கன்னியாகுமரி, வட ஆர்க்காட்டுக் கிறிஸ்தவர்கள் பலர்.

அவரவர் ஊர்ச் சபையை அவரவர் சுமந்து வந்தனர். நாசரேத்துக்காரருக்கு வழிபாட்டு ஒழுங்கு பிசகக்கூடாது. நாகர்கோவில்காரருக்கு மறையுரை வலுவாக அமையவேண்டும், கமிட்டியின் சொல்லும் கேட்கப்படவேண்டும். வேலூர்ப் பக்கத்தவரின் நினைவில் மிஷன் மருத்துவமனையும் பள்ளியும் நிற்கின்றன. இவர்களோடு, நகரம் விழுங்கிய பழைய செங்கற்பட்டுச் சிற்றூர்ச் சபையாரும் இருக்கின்றனர். சாதிச் சான்றிதழும் பட்டாவும் கல்லறை நிலமும் அவர்களுடைய கவலைகள். ஒரு தரப்பு ஆங்கிலமறிந்த நிர்வாகியை வேண்டுகிறது, மறு தரப்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன்வருபவரை. இரண்டும் தனித்தனியே நியாயமானவை. வருபவர் ஒருவர்.

இச்சபைகளில் ஒருவரின் குறை மற்றவரின் நிறையாகிறது என்பதையும் குறிப்பிடவேண்டும். தொழிற்சாலைப் பணிமாறுதலுக்கு ஏற்ப மாலையில் வீடு சந்திக்கும் ஆயர் அலுவலகத்தில் கிடைப்பதில்லை என்று குறைகூறப்படுவதும், கணக்கைச் சீர்செய்பவர் ஆவிக்குரியவர் அல்லர் என்று பேசப்படுவதும் இவ்வகையின.

பூந்தமல்லி: சட்டம் எழுதிய பட்டியல்

கத்தோலிக்கத் திருச்சபையில் எதிர்பார்ப்புக்கு எழுத்து வடிவம் உண்டு. குருக்களை உருவாக்கும் நிறுவனமும் இப்புறநகரிலேயே உள்ளது. பூந்தமல்லித் திருஇருதயக் குருமடம் பேராயர் லூயி மத்தியாஸ் காலத்தில் 1936-இல் தொடங்கப்பட்டது. சுதேசக் குருக்களை உருவாக்கும் கவலை தமிழகத்தில் 1844-ஆம் ஆண்டுப் புதுச்சேரி மாமன்றம் வரை பின்செல்வது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பங்குத்தந்தையை நியமிப்பவர் மறைமாவட்ட ஆயர். அவர் செய்யவேண்டியவற்றை 528, 529-ஆம் சட்டங்கள் விரித்துரைக்கின்றன: மறையுரை, மறைக்கல்வி, விசுவாசத்தை விட்டு விலகியோரை அணுகுதல், குடும்பங்களைச் சந்தித்தல், அவர்களுடைய துயரில் பங்குகொள்ளல், நோயுற்றோர், ஏழைகள், தனித்திருப்போர், நாடிழந்தோர் மீது தனி அக்கறை. செங்கற்பட்டுச் சேரி மிஷனரியிடம் கேட்டவற்றுக்கும் இப்பட்டியலுக்கும் உள்ள நெருக்கம் கருதத்தக்கது. ஆயினும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. அதே தொகுப்பின் 533-ஆம் சட்டம் பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பை அனுமதிக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் பங்கை விட்டுச் செல்வதாயின் ஆயரிடம் தெரிவிக்கவேண்டும். பங்கு மக்களிடம் ஒப்புதல் பெறவேண்டும் என்று அதில் இல்லை.