அக்டோபரில் வற்றும் ரன்கள்

1905 அக்டோபர். அமெரிக்க பேஸ்பாலின் வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் ஜயன்ட்ஸும் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸும் ஐந்து ஆட்டங்களில் மோதின. ஐந்திலும் தோற்ற அணிக்கு முட்டைதான். ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மாத்யூசன் ஆறே நாளில் மூன்று ஆட்டங்களை ஒற்றை ஆளாக வீசி முடித்தார். அந்த 27 இன்னிங்ஸில் எதிரணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

பொதுவாகவே ரன்கள் குறைந்திருந்த காலம் அது. ஆனால், ஹோம் ரன்கள் பெருகிய பிறகும் அக்டோபர் ஆட்டங்கள் பந்து வீசும் பிட்சர்கள் பக்கமே அடிக்கடி சாய்ந்தன. 1963இல் நியூயார்க் யாங்கீஸ் நான்கு ஆட்டங்களில் எடுத்தது மொத்தமே 4 ரன். 1966இல் பால்டிமோர் ஓரியோல்ஸிடம் சிக்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அதுவும் இல்லை: நான்கு ஆட்டத்துக்கும் சேர்த்து 2 ரன்.

காரணம் பதற்றம் என்பார்கள், பந்தை வீசுபவருக்கு மட்டும் அது இருக்காதா என்ன? குளிரைச் சொல்வதில் நியாயம் உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்து அதிக தூரம் போகாது. 1971இல் வேர்ல்ட் சீரிஸ் முதன்முறையாக இரவிலும் நடந்தது; பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பெரிய காரணம் அட்டவணைதான். சீசனில் 162 ஆட்டங்கள், ஏறக்குறைய தினமும். தோள் தாங்காது என்பதால் ஐந்து பிட்சர்கள் முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஐந்தாமவர் பெரும்பாலும் சுமார் ரகம். பேட்டர்கள் தங்கள் கணக்கை ஏற்றிக்கொள்வது அவரைப் போன்றவர்களிடம்தான். அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் அவர் வெளியே உட்கார, நல்லவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். டி20 கிரிக்கெட்டில் ஒருவருக்கு நான்கு ஓவர்தான். இங்கே அப்படி வரம்பு கிடையாது.

1965இன் ஏழாவது ஆட்டம் அதற்கு அசல் உதாரணம். டாட்ஜர்ஸ் மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன், கூடுதல் ஓய்வு எடுத்திருந்த டான் டிரைஸ்டேலை விட்டுவிட்டு, இரண்டே நாள் ஓய்வில் இருந்த சாண்டி கோஃபாக்ஸை அனுப்பினார். மூட்டுவாதம் வாட்டிய இடது கை. வளைபந்தோ அன்று சொன்னபடி கேட்கவில்லை. வேகப்பந்தையே நம்பி மினசோட்டா ட்வின்ஸை 2–0 என முடித்தார் கோஃபாக்ஸ்.

பின்னர் ஒருவர் சுமந்த வேலையைப் பலர் பங்குபோட்டுக்கொண்டார்கள். யாங்கீஸின் மரியானோ ரிவேரா ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் வருவார்; சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ் வீசி, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 0.70 ரன்தான் கொடுத்தார். 2022 வேர்ல்ட் சீரிஸில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், பிலடெல்பியா பில்லீஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 5–0 என வென்றபோது, கிறிஸ்டியன் ஹாவியர் ஆறு இன்னிங்ஸோடு நிறுத்திக்கொண்டார். மிச்சமிருந்த மூன்றை மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள்.